சிலிக்கான் அடித்தால் போதுமா? தரை தொடும் கண்ணாடி ஜன்னல் ஒழுகுவது ஏன்... புது வீடு கட்டுவோர் கவனிக்க வேண்டியது என்ன?

வீட்டின் 3டி படத்தை ஆர்க்கிடெக்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பலருக்கும் முதலில் பிடித்துப்போவது அந்த ஜன்னல்தான். தரையில் தொடங்கி கூரை வரை ஒரே கண்ணாடி. ஹாலில் உட்கார்ந்தால் தென்னந்தோப்பு தெரியும், தூரத்தில் மருந்துவாழ்மலை தெரியும். அந்தப் படத்தில் எப்போதும் வெயில்தான் அடிக்கும். மழை பெய்யாது.

ஆனால் மயிலாடியில் பெய்யும். அதுவும் வருஷத்துக்கு இரண்டு சீசன்.

ஹோம் லோன் போட்டு வீடு கட்டி, பால்காய்ப்பு முடிந்து, முதல் ஐப்பசியிலேயே ஜன்னலோர டைல்ஸில் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொத்தனாரைக் கேட்டால் 'அது அலுமினியக்காரர் வேலை' என்பார். அலுமினியக்காரரைக் கேட்டால் 'பூச்சுலதான் விரிசல் இருக்கு' என்பார். கடைசியில் யாராவது ஒருவர் ஒரு சிலிக்கான் ட்யூபோடு வந்து ஓரமெல்லாம் அடித்துவிட்டுப் போவார். அடுத்த மழையில் மறுபடியும் ஒழுகும்.

இது ஏன் நடக்கிறது? கட்டும்போதே என்ன செய்யணும்? கட்டி முடிச்சாச்சுன்னா என்ன வழி?

மயிலாடி பக்கம் மட்டும் ஏன் கூடுதல் கவனம்?

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பிரதானம். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து காற்றோடு சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. அதாவது வீட்டின் ஒரு பக்கம் மட்டும் நனைவதில்லை, சீசனுக்குத் தகுந்தாற்போல் எல்லாப் பக்கமும் நனையும்.

அடுத்தது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தில் இருக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒரு புனல் மாதிரி வேலை செய்கிறது. தென்மேற்குக் காற்று அந்த இடுக்கில் நுழைந்து வேகமெடுக்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். கரண்ட்டுக்கு நல்ல காற்று, ஜன்னலுக்கு நல்ல காற்று இல்லை.

2017 நவம்பர் 30-ம் தேதியை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஒக்கி அன்றைக்குத்தான் புயலாக வலுப்பெற்றுக் குமரிக்கடலைக் கடந்து போனது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில், 'புயல்' என்ற பெயர் வாங்கவே காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட வேண்டும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே தேவைப்படும்.

தண்ணீர் உள்ளே வர ஓட்டை மட்டும் போதாது

ஒரு ஜன்னல் ஒழுக மூன்று விஷயம் சேர வேண்டும்: தண்ணீர், ஒரு வழி, தண்ணீரை அந்த வழியில் தள்ளும் ஒரு விசை. நாம் பொதுவாக வழியை மட்டும் அடைக்கப் பார்க்கிறோம். விசையை மறந்துவிடுகிறோம்.

விசை பல வகை. புவியீர்ப்பு தண்ணீரைக் கீழே இழுக்கும். காற்று துளியை நேராக எறியும். இரண்டு மூன்று மி.மீ. அளவிலான மெல்லிய இடுக்கு கிடைத்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத் தண்ணீர் தானாக ஊடுருவும். சன்ஷேடின் அடிப்பரப்பை ஒட்டிக்கொண்டே உள்பக்கமாக நகர்ந்தும் வரும்.

இதில் முக்கியமானது அழுத்த வித்தியாசம். காற்று கண்ணாடியில் மோதும்போது வெளியே அழுத்தம் கூடும், வீட்டுக்குள் குறைவாக இருக்கும். பொறியாளர்கள் போடும் கணக்கு எளிது. காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் பாஸ்கலில் கிடைக்கும். சுமார் 10 பாஸ்கல் இருந்தால் தண்ணீரை 1 மி.மீ. உயரத்துக்குத் தூக்கி நிறுத்தலாம். அப்படிப் பார்த்தால்:

- மணிக்கு 54 கி.மீ. காற்று: 135 பாஸ்கல், தண்ணீர் ஏறும் உயரம் சுமார் 14 மி.மீ.
- மணிக்கு 72 கி.மீ. காற்று: 240 பாஸ்கல், சுமார் 24 மி.மீ.
- மணிக்கு 90 கி.மீ. காற்று: 375 பாஸ்கல், சுமார் 38 மி.மீ.

ஸ்லைடிங் கதவின் அடி டிராக்கில் தண்ணீர் தேங்கினால், வெளியே இருக்கும் அழுத்தம் அதை வீட்டுப் பக்கமாகத் தூக்கும். டிராக்கின் உட்பக்க விளிம்பு 20 மி.மீ.தான் என்றால், மணிக்கு 72 கி.மீ. காற்றில் தண்ணீர் அதைத் தாண்டி ஹாலுக்குள் விழும். ஃப்ரேமில் ஓட்டையே வேண்டியதில்லை. எத்தனை ட்யூப் சிலிக்கான் அடித்தாலும் இது நிற்காது. உங்கள் டிராக்கின் உட்பக்க விளிம்பை ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், பாதி விஷயம் புரிந்துவிடும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: 'தண்ணீர் புகாமை டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா? எத்தனை பாஸ்கல் வரை?' ஐரோப்பியத் தர வகைப்பாட்டில் 7ஏ என்றால் 300 பாஸ்கல், 9ஏ என்றால் 600 பாஸ்கல் வரை ஒழுகவில்லை என்று அர்த்தம். 600 பாஸ்கல் என்பது மணிக்கு சுமார் 114 கி.மீ. காற்றுக்குச் சமம். ஆனால், அந்த டெஸ்ட் ஃப்ரேமுக்கு மட்டும்தான். உங்கள் வீட்டுச் சுவரும் அந்த ஃப்ரேமும் சேரும் இடத்துக்கு எந்த ரிப்போர்ட்டும் கிடையாது. ஒழுகல் பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான்.

42,000 வீடுகள் கற்றுக்கொடுத்த பாடம்

'ஒரு ஜன்னல் ஒழுகுறதுக்கு இவ்ளோ பேச்சா?' என்று தோன்றலாம். நியூசிலாந்தில் இது தேசியப் பிரச்னையாகவே ஆனது.

1980-களின் கடைசியிலிருந்து அங்கே ஒரு ஃபேஷன் பரவியது. கூரை விளிம்பு நீட்டாத, பெட்டி மாதிரியான வீடுகள். வழவழப்பான பூச்சு, பெரிய ஜன்னல்கள், மேலே சன்ஷேடு இல்லை. ஜன்னலும் சுவரும் சேரும் இடத்தில் சீலன்ட் மட்டுமே காவல். சீலன்ட் விட்டுப்போன இடத்தில் தண்ணீர் உள்ளே போனது, வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கியது, மரச்சட்டங்கள் மக்கின. 2002-ல் விசாரணைக் குழு அறிக்கை வந்தது, பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தனிச் சட்டமே வந்தது. 2009-ல் அரசுக்காகச் செய்யப்பட்ட மதிப்பீட்டில் பாதிக்கப்பட்ட வீடுகள் சுமார் 42,000, சீரமைப்புச் செலவு 11.3 பில்லியன் நியூசிலாந்து டாலர். கனடாவின் வான்கூவரிலும் அடுக்குமாடி வீடுகளில் இதே கதைதான். 1998-ல் அங்கே ஒரு விசாரணை ஆணையம் அமைக்க வேண்டியிருந்தது. அங்கு நடந்த ஆய்வில், கூரை விளிம்பு நீண்டிருந்த சுவர்களில் பிரச்னை குறைவாக இருந்தது தெரியவந்தது.

நம் வீடுகள் மரச்சட்டத்தில் கட்டுவதில்லை, செங்கல்லும் கான்கிரீட்டும்தான். அதனால் சுவர் மக்காது. ஆனால் கம்பி துருப்பிடிக்கும், பெயின்ட் உரியும், உப்பு பூக்கும், மரத் தரையும் வார்ட்ரோபும் ஊதும், தரையோர பிளக் பாயின்ட்டில் தண்ணீர் இறங்கினால் ஆபத்து.

அந்த அனுபவத்திலிருந்து கட்டுமானத் துறை எடுத்துக்கொண்ட பாடம் நான்கு சொற்களில் அடங்கும்: தடு, வடி, உலர்த்து, நீடி. முதலில் மழை ஜன்னலில் படாமல் தடு. மீறி வந்தால் வடிந்துபோக வழி வை. மிச்சமிருக்கும் ஈரம் உலர விடு. அதுவரை தாக்குப்பிடிக்கும் பொருளைப் பயன்படுத்து. சிலிக்கான் இந்த வரிசையில் ஒரு சின்ன உதவியாளர், அவ்ளோதான்.

சன்ஷேடு: பழசு இல்ல, புத்திசாலித்தனம்

முதல் சொல்லான 'தடு' நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. தக்கலை பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். சுவர் முழுக்க மரச்சட்ட அழிகள், காற்றும் வெளிச்சமும் தாராளம். ஆனால் அதற்கு மேலே செங்குத்தாகச் சரியும் ஓட்டுக்கூரை நன்றாக வெளியே நீண்டு, தாழ இறங்கியிருக்கும். திறப்பு பெரிதானால் அதற்கேற்ற கூரை வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

கோயில் கட்டியவர்களுக்கும் இது தெரியும். கூரை விளிம்பில் வளைந்து இறங்கும் கொடுங்கை அழகுக்கு மட்டுமில்லை, மழைநீரைச் சுவரிலிருந்து தள்ளி விழ வைப்பதும் அதன் வேலை. 'இதைப் போல மட்டும் எங்களால் செய்ய முடியாது' என்று சிற்பிகள் விலக்கு கேட்டதாகச் சொல்லப்படும் பட்டியலில் ஆவுடையார்கோயில் கொடுங்கையும் திருவலஞ்சுழிப் பலகணியும் இருக்கின்றன. ஒன்று கூரை விளிம்பு, இன்னொன்று ஜன்னல்!

சரி, இரண்டடி சன்ஷேடு வைத்தால் போதுமா? பாதி போதும். சராசரி மழைத்துளி விநாடிக்கு ஆறு, ஏழு மீட்டர் வேகத்தில் விழுகிறது. லேசான காற்றில், அதாவது மணிக்கு 11 கி.மீ. வேகத்தில், 60 செ.மீ. சன்ஷேடு ஜன்னலின் மேல் 1.3 மீட்டரை நனையாமல் காக்கும். மணிக்கு 54 கி.மீ. காற்றில் துளி கிட்டத்தட்ட படுத்துக்கொண்டே வரும், அப்போது காக்கப்படுவது மேலே ஒரு சாண் சொச்சம்தான். 9 அடி ஜன்னலில் மிச்சமெல்லாம் நனையும். ஆகவே சன்ஷேடு வருஷத்தின் பெரும்பாலான மழையைத் தடுக்கும், புயல் நாளைத் தடுக்காது. அந்த நாளுக்குத்தான் மற்ற ஏற்பாடுகள்.

சன்ஷேடின் அடிப்பக்கம், முன் விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு காடி வெட்டச் சொல்லுங்கள். அடிப்பரப்பை ஒட்டி நகர்ந்து வரும் தண்ணீர் அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். ஜன்னலுக்கு அடியில் வைக்கும் கிரானைட் பலகைக்கும் இதேதான்: வெளிப்பக்கம் சாய்வு, சுவரைத் தாண்டி நீளும் விளிம்பு, அடியில் காடி. மயிலாடி கல் வேலைக்குப் பேர்போன ஊர். இந்த வேலைக்கு ஆள் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

ஃப்ரேம் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

செலவு குறைவாகவும் பலன் அதிகமாகவும் இருப்பது இந்தக் கட்டம்தான். ஃப்ரேம் நின்று டைல்ஸும் போட்ட பிறகு இதில் எதையும் செய்ய முடியாது, உடைத்தால்தான் உண்டு.

1. தரை மட்டம்: வெளியே இருக்கும் சிட்அவுட் அல்லது பால்கனியின் முடித்த தரை, உள்தரையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். 75 முதல் 100 மி.மீ. வித்தியாசம் இருந்தால் நிம்மதி. வெளித்தரைக்கு வீட்டிலிருந்து விலகும்படி மீட்டருக்கு 10 முதல் 15 மி.மீ. வாட்டம் கொடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், படி தடுக்கக் கூடாது, உள்ளும் வெளியும் ஒரே மட்டமாக வேண்டும் என்றால், கதவை ஒட்டி வெளியே கிரில் மூடி போட்ட நீளமான வடிகால் அவசியம். அது இல்லாமல் ஒரே மட்டம் வைப்பது ஒழுகலுக்கு அழைப்பிதழ்.

2. அடியில் ஒரு தாம்பாளம்: ஃப்ரேம் உட்காரும் இடத்தை மூன்று பக்கம் விளிம்பு தூக்கிய தாம்பாளம் மாதிரி யோசியுங்கள். உள்பக்கம் ஒரு சிறு கான்கிரீட் மேடு, இரண்டு ஓரங்களிலும் மேடு, வெளிப்பக்கம் மட்டும் திறப்பும் வாட்டமும். ஃப்ரேமைத் தாண்டி எது உள்ளே வந்தாலும் இதில் விழுந்து வெளியே போய்விடும். வீட்டுக்குள் வராது.

3. வாட்டர்ப்ரூஃப் பூச்சு: அந்தத் தாம்பாளத்தின் மேல் இரண்டு பொருள் கலந்து பூசும் பாலிமர் சிமென்ட் கோட்டிங்கை இரண்டு கை பூச வேண்டும். பக்கச் சுவரிலும் 15 செ.மீ. வரை ஏற்றிப் பூச வேண்டும். மூலைகளில் வலைத்துணி வைத்துப் பூசினால் விரிசல் விடாது.

4. டேப் ஒட்டும் வரிசை: சுவருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே ப்யூட்டைல் டேப் ஒட்டுவதானால், முதலில் அடி, பிறகு பக்கங்கள், கடைசியில் மேலே. ஓலை வேய்வதும் ஓடு போடுவதும் கீழிருந்துதானே? மேல் வரிசை கீழ் வரிசையின் மேல் படிய வேண்டும். தலைகீழாக ஒட்டினால் டேப்பே தண்ணீரை உள்ளே இழுத்துவிடும்.

5. ஸ்க்ரூ எங்கே? அடி டிராக்கில் ஓட்டை போட்டு நேராகத் தரையில் ஸ்க்ரூ அடிப்பது வேகமான வேலை. ஆனால் தண்ணீர் நிற்கும் தொட்டியின் அடியிலேயே ஓட்டை போட்ட மாதிரி அது. பக்கங்களிலும் மேலேயும் பிடிமானம் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். அடியில் அடித்தே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தனித்தனியாக சீல் செய்யச் சொல்லுங்கள்.

6. வடிதுளை: ஃப்ரேமின் வெளிப்பக்க அடியில் இருக்கும் சின்னச் சின்னத் துளைகள்தான் 'வீப் ஹோல்'. டிராக்கில் சேரும் தண்ணீர் இதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். 'ஓட்டை இருக்கே' என்று நினைத்து இதையும் சிலிக்கான் வைத்து அடைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. டைல்ஸோ கிரானைட்டோ இந்தத் துளையை மூடும் உயரத்துக்கு வரவும் கூடாது.

இன்னொன்று: இவ்வளவு பெரிய கண்ணாடி, அதுவும் தரை வரை என்றால், அது டஃபன்டு அல்லது லேமினேட்டட் பாதுகாப்புக் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். லேமினேட்டட் கண்ணாடியின் விளிம்பு தொடர்ந்து தண்ணீரில் நின்றால் நடுவில் இருக்கும் ஒட்டுப்படலம் பிரியத் தொடங்கும். வடிதுளை கண்ணாடிக்கும் காவல்.

சிலிக்கான் வேண்டவே வேண்டாமா?

வேண்டும். சரியான இடத்தில், சரியான வகை. வினிகர் வாடை வீசுகிற மலிவு வகை கண்ணாடிக்கும் பாத்ரூமுக்கும் சரி. சிமென்ட், கிரானைட், உலோகம் பக்கத்தில் அது சரிவராது. ஜன்னலோரத்துக்கு 'நியூட்ரல் க்யூர்' என்று எழுதிய வகையைக் கேளுங்கள். கிரானைட்டை ஒட்டி அடிப்பதானால், கல்லில் எண்ணெய்க் கறை விடாத வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஓரத்துக்கு மேலே பெயின்ட் அடிக்க வேண்டும் என்றால் சிலிக்கான் ஒட்டாது, பாலியூரித்தேன் சீலன்ட்தான் வழி.

இடைவெளியும் முக்கியம். வெயிலில் ஃப்ரேம் நீளும், மழையில் சுருங்கும். 3 மீட்டர் அலுமினியம் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் சுமார் 2 மி.மீ. நகரும், யுபிவிசி சுமார் 6 மி.மீ. நகரும். அதே நீளக் கான்கிரீட் ஏறக்குறைய 1 மி.மீ.தான். நூலிழை இடைவெளியில் சிலிக்கானைத் தேய்த்துவிட்டால் இந்த இழுபறியில் கிழிந்துவிடும். குறைந்தது 6 மி.மீ. இடைவெளி, உள்ளே ஃபோம் கயிறு, அதற்கு மேல் அகலத்தில் பாதி ஆழத்துக்கு சீலன்ட், இதுதான் முறை. மஞ்சள் நிறத்தில் பொங்கி வரும் பியூ ஃபோம் இடைவெளியை நிரப்ப மட்டும்தான். அது வாட்டர்ப்ரூஃபிங் இல்லை, வெயில் பட்டால் உதிரும்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மழை

உட்புறப் பூச்சுக்கும் பெயின்ட்டுக்கும் முன்னால் ஹோஸ் டெஸ்ட் செய்யுங்கள். ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே டார்ச்சோடு. ஒரு அடி தூரத்திலிருந்து, முதலில் அடி ஓரத்தில் மட்டும் 5 நிமிடம் தண்ணீர். உள்ளே ஈரம் இல்லையென்றால் பக்கங்கள். பிறகு மேலே. கீழிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எங்கே ஒழுகுகிறது என்றே தெரியாது. டிராக்கில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, அது வடிதுளை வழியாக வெளியே போகிறதா என்றும் பாருங்கள். கடைசித் தவணையை இந்த டெஸ்ட்டுக்குப் பிறகு கொடுப்பது நல்லது.

ஏற்கெனவே ஒழுகுகிறதா?

முதலில் டிராக்கைக் கழுவி, வடிதுளைகளை மெல்லிய கம்பியால் சுத்தம் செய்யுங்கள். செலவே இல்லாத வைத்தியம் இதுதான். அடுத்து ரப்பர் பீடிங்கும் பிரஷ் பட்டையும் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஃப்ரேமின் மூலை இணைப்புகளைப் பாருங்கள். பழைய சிலிக்கான் மேல் புதுசு ஒட்டாது, முழுசாக வெட்டி எடுத்து, தூசி துடைத்து, காய்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும். அதன் பிறகும் நிற்கவில்லை என்றால், உள்ளே அடைப்பதைவிட வெளியே தடுப்பது பலன் தரும்: மேலே ஒரு ஷீட் அல்லது கண்ணாடிக் கூரை நீட்டுவது, வெளியே ஒரு வடிகால் வெட்டுவது.

பொறுப்பு யாருக்கு?

ஒழுகும் இடம் இரண்டு பேர் வேலையின் நடுவில் இருக்கிறது. அதனால் ஒப்பந்தத்திலேயே 'சுவர்-ஃப்ரேம் இணைப்புக்குப் பொறுப்பு இன்னார்' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

ரெரா சட்டத்தின் கீழ் வரும் புராஜெக்ட்டில் வாங்கிய வீடு என்றால், சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீடு ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளை 30 நாளில் கட்டணமின்றிச் சரிசெய்து தருவது புரமோட்டரின் கடமை. சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டினால் அந்தப் பிரிவு உதவாது. ஆனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ல் வீடு கட்டுமானமும் 'சேவை' என்ற வரையறைக்குள் வருகிறது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். காலக்கெடு 2 ஆண்டுகள். பில், வாட்ஸ்அப் உரையாடல், தேதியோடு எடுத்த ஒழுகல் வீடியோ எல்லாம் ஆதாரம். அழித்துவிடாதீர்கள்.

இப்போது கட்டிக்கொண்டிருப்பவர்கள் அலுமினியக்காரரை அழைப்பதற்கு முன் கொத்தனாரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'அண்ணே, இந்த ஜன்னலுக்குள்ள தண்ணி வந்துட்டா, அது எந்த வழியா வெளிய போகும்?' கையை நீட்டி வழியைக் காட்டினால் ஃப்ரேமை நிறுத்தலாம். 'தண்ணி எப்படிங்க வரும், சிலிக்கான் அடிச்சிடலாம்' என்று பதில் வந்தால், வேலையை ஒரு நாள் நிறுத்திவைப்பது லாபம்.